டெல்டாவுக்கு ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகம்: எந்த ஊரில் வைக்கலாம், எதைக் காப்பாற்றலாம்?

#1 வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் நீடாமங்கலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டகைக்கு ஒரு தாழ்ப்பாள் தேடிப் போனவன், மூலையில் கிடந்த ஒரு பிரம்பு வளையத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒற்றைப் பாதையில் போக ரயில் டிரைவருக்கு அனுமதி டோக்கன் கொடுக்கப் பயன்பட்டது, ஆள் கையை நுழைத்து மாட்டிக்கொள்ளும் அளவு வளையம். அடியில் தோல் பை. தோல் வெடித்திருந்தது, பக்கிள் மட்டும் பித்தளை என்பதால் பளபளப்பு போகவில்லை. கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியவில்லை. "பிரம்பு நல்லா இருக்கு, நூறு ரூபாய் குடுங்க" என்றார். வாங்கி வந்தேன். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கும் தூரம்தான். அவள் பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் வளர்ந்தவள்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி ஓடியது 1856ல். ஐந்தே வருடத்தில், 1861ல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு திருச்சி. கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி போட்ட பாதை அது. முதலில் அகலப் பாதையாகத்தான் போட்டார்கள். 1875ல் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, ஆக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து நம் காலத்தில் மறுபடி அகலப் பாதை. ஒரே மண்மேட்டில் மூன்று முறை தண்டவாளம் மாறியிருக்கிறது. இதைச் சொல்ல நம் பக்கத்தில் ஒரு அறைகூட இல்லை.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு சின்ன ஊரில், ரயிலடிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு இடம் போதும். எந்த ஊர், என்னென்ன வைப்பது, யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொல்லுங்கள்.

#2 மாயவரம் லைன்

நல்ல பேச்சை ஆரம்பித்தீர்கள் அண்ணே. நாகப்பட்டினம் பாதையோடு நிறுத்திவிடாதீர்கள். மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894ல் ஒரு பாதை திறந்தார்கள். அதைப் போட்டது லண்டன் கம்பெனி இல்லை, தஞ்சாவூர் டிஸ்ட்ரிக்ட் போர்டு. நிலம் வைத்திருந்தவர்களிடம் ரயில்வே செஸ் என்று தனியாக வசூலித்து, அந்தப் பணத்தில் ஒரு மாவட்ட நிர்வாகம் சொந்தமாகப் பாதை போட்டது. வண்டி ஓட்டும் வேலையை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேயிடம் விட்டார்கள். பிறகு அது அறந்தாங்கி வரை நீண்டது.

எங்கள் தாத்தாவின் அப்பா காலத்துக் கிஸ்து (நிலவரி) ரசீதுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. நம் ஜனங்கள் நெல் விற்ற காசில் போட்ட பாதை என்பதற்குச் சாட்சி அந்த மாதிரிக் காகிதங்களில்தான் இருக்கும். அருங்காட்சியகம் என்றால் முதல் சுவரில் அந்தக் கதை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

#3 சோழமண்டலம்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் 2014லேயே ரயில்வே பாரம்பரிய மையம் திறந்துவிட்டார்கள். பழைய கடிகாரம், விளக்கு, மணி, வரைபடம், வெளியே எஞ்சின் எல்லாம் அங்கே இருக்கின்றன. சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம். இருப்பதையே பார்க்க ஆள் போகாதபோது இன்னொன்று எதற்கு? நம் ஊர்ப் பக்கம் ஆர்வமாகத் தொடங்கிய எத்தனையோ நூலகங்கள் இரண்டே வருடத்தில் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவன் நான். கரி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் கூட்டம் வரும். அதற்கு யார் பணம் போடுவார்கள்?

#4 வெண்ணாற்றங்கரை

சோழமண்டலம் ஐயா, கேள்வி நியாயமானது. திருச்சி மையத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். நல்ல இடம், எல்லோரும் போக வேண்டும். ஆனால் அது முழுத் தென்னிந்திய ரயில்வேக்கும் உரியது. கொரடாச்சேரி ஸ்டேஷனில் ராத்திரி டூட்டி பார்த்தவரும், பேரளத்தில் இறங்கி வண்டி மாறியவரும், திருநாட்டியத்தான்குடியில் பால் கேன் ஏற்றியவரும் அங்கே இடம் பெற முடியாது. அவ்வளவு பெரிய பரப்பில் அது நடக்காது.

எஞ்சின் எனக்கு வேண்டாம். ஒய்.பி., ஒய்.ஜி. என்ற மீட்டர் கேஜ் கரி எஞ்சின்களைப் பல ஊர்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் நின்று, வருடத்துக்கு ஒரு பெயின்ட் பூச்சோடு, உள்ளே துரு தின்று கொண்டிருக்கிறது. அதைப் பராமரிக்க நம்மால் ஆகாது. எஞ்சின் எப்படி இருந்தது என்று படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த எஞ்சினை ஒற்றைப் பாதையில் இன்னொரு எஞ்சின் மீது மோதாமல் எப்படி ஓட்டினார்கள் என்பது படத்தில் தெரியாது. அது ஆட்களின் கையிலும் தலையிலும் இருந்த வேலை. அந்த ஆட்கள் எழுபது, எண்பது வயதில் நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அவசரம் அதுதான்.

#5 பொன்மலை ஷிப்ட்

முப்பத்தி நான்கு வருடம் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வெண்ணாற்றங்கரை, முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த வளையத்தை வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போய் எழுதி வாங்கு. 1966ல் வந்த ரயில்வே சொத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரயில்வே பொருள் ஒருவர் கையில் முறையில்லாமல் இருந்தது என்று தெரிந்தால் ஐந்து வருடம் வரை தண்டனை. அருங்காட்சியகம் வைக்கிறேன் என்று நல்ல மனதோடு பொருள் சேர்த்து, கடைசியில் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) வாசலில் நிற்கக் கூடாது.

வழி என்னவென்றால், கழித்துவிட்ட பொருளை ரயில்வே ஏலம் விடும். ஏலம் எடுத்தவரிடமிருந்து ரசீதோடு வாங்கலாம். இல்லையென்றால் திருச்சி கோட்டத்துக்கு எழுதி, காட்சிக்கு வைக்க இரவலாகக் கேட்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நோட்டில் வரிசை எண், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், என்ன காகிதம் என்று எழுதிவிட வேண்டும். அந்த நோட்டு சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவது, யாரும் பெயின்ட் டப்பாவைத் தொடாதீர்கள். ஒரு ஊரில் பழைய கைகாட்டி மரம் ஒன்றை எடுத்துவந்து பூங்காவில் நட்டார்கள். நட்ட கையோடு அடியிலிருந்து நுனிவரை சில்வர் பெயின்ட். அதன் மேல் இருந்த வார்ப்பு எழுத்து, எந்தக் கம்பெனி, எந்த வருடம், எல்லாம் பூச்சுக்குள் போய்விட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டெல்டாவில் இரும்புக்கு எதிரி உப்புக் காற்று. மேல் துருவை மட்டும் மெதுவாக எடுத்து, உப்பு போக வாலை வடிநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, டானிக் அமிலம் தடவி, அதன் மேல் மெழுகு ஏற்ற வேண்டும். கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்ப்பவனை உள்ளேயே விடக்கூடாது. இதை நான் வந்து சொல்லித் தருகிறேன். கூலி எதுவும் வேண்டாம்.

#6 வெண்ணாற்றங்கரை

ஐயா, மிக்க நன்றி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாளைக் காலை முதல் வேலையாகக் கடைக்குப் போகிறேன்.

#7 லைன் கிளியர்

நான் மீட்டர் கேஜ் காலத்தில் இந்தப் பகுதி ஸ்டேஷன்களில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகவும் பிறகு ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தவன். என் மகன் இந்த இழையைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான்.

தம்பி வாங்கிய வளையத்தின் பையில் இருந்திருக்க வேண்டியது ஒரு இரும்பு உருண்டை. கைக்குள் அடங்கும். அதன் மேல் இரண்டு ஸ்டேஷன்களின் எழுத்து பொறித்திருக்கும். அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் போக அதுதான் டிரைவருக்கு அனுமதி. உருண்டை கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார், கலெக்டரே வந்து சொன்னாலும்.

இப்படித்தான் நடக்கும். என் ஸ்டேஷனில் ஒரு டோக்கன் மிஷின், அடுத்த ஸ்டேஷனில் அதன் ஜோடி. இரண்டுக்கும் நடுவே கம்பி. வண்டி வரப்போகிறது என்றால் நான் மணிக் குறிப்பு கொடுத்து அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுவேன். வண்டி எண் சொல்லி லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற அனுமதி, கேட்பேன். அவர் தன் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தன் மிஷினின் கைப்பிடியை "வண்டி வருகிறது" பக்கம் திருப்புவார். அவர் திருப்பினால்தான் என் கைப்பிடி "வண்டி போகிறது" பக்கம் திரும்பும். திரும்பியதும் கடகடவென்று உள்ளே உருண்டு வந்து உருண்டை கீழே விழும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு உருண்டை வெளியே இருக்கும்வரை இரண்டு மிஷினிலும் இன்னொன்று விழாது. வண்டி அங்கே போய்ச் சேர்ந்து, அவர் அதைத் தன் மிஷினில் போட்ட பிறகுதான் பாதை காலி என்று கணக்கு. நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், அவர் கோபத்தில் இருந்தாலும், மிஷின் எங்கள் இருவரையும் தப்பு செய்ய விடாது.

நிற்காத வண்டிக்கு பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டி, வளையத்துக்குள் நுழைத்து அள்ளிக்கொண்டு போவார். போகிற போக்கில் பழைய வளையத்தைக் கீழே விடுவார். ராத்திரியில் தீவட்டி வெளிச்சத்தில் இதைச் செய்வார்கள். பயர்மேன்களின் முழங்கைக்கு மேலே பார்த்தால் கன்றிப்போய் இருக்கும். மழைக்காலத்தில் வளையம் நழுவி வயலில் விழுந்து, கழுத்தளவு சம்பாப் பயிருக்குள் இறங்கித் தேடிய நாட்களும் உண்டு. உருண்டை கிடைக்கும்வரை அந்தப் பாதையில் வேறு உருண்டை எடுக்க முடியாது. காகிதத்தில் லைன் கிளியர் எழுதித்தான் வண்டி விடவேண்டும். அன்றைக்கு எல்லா வண்டியும் தாமதம்.

இன்னொரு விஷயம். நாகூர் கந்தூரி சமயத்தில் சிறப்பு வண்டிகள் ஒரே திசையில் அதிகமாகப் போகும். அப்போது உருண்டைகள் எல்லாம் ஒரு பக்கத்து மிஷினிலேயே சேர்ந்துவிடும். சிக்னல் மெயின்டெய்னர் வந்து திறந்து, எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி, எடுத்துவந்து இந்தப் பக்க மிஷினை நிரப்புவார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நம் பிள்ளைகள் படிக்கப்போவதில்லை.

ஜோடி மிஷின் கிடைத்தால் விடாதீர்கள். ஒன்று மட்டும் இருந்தால் அது அலமாரிப் பொருள். இரண்டையும் அறையின் இரண்டு கோடியில் வைத்து நடுவில் கம்பி இழுத்துவிட்டால், இரண்டு குழந்தைகள் விளையாடியே புரிந்துகொள்வார்கள்.

#8 மாயவரம் லைன்

ஐயா, இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தயவுசெய்து உங்கள் குரலில் பதிவு செய்ய அனுமதி கொடுங்கள். எழுத்தில் வருவது பாதிதான்.

#9 கேட்டடி

நான் கேட்கீப்பர் மகள். திருவாரூர் – மாயவரம் பாதையில் ஒரு கேட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறை வீட்டில் பிறந்து வளர்ந்தேன். வீட்டு வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான்.

எல்லோரும் ஸ்டேஷனைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வரும், இன்ன வண்டி புறப்படுகிறது, கேட்டைப் பூட்டு என்று. அப்பா பூட்டிவிட்டு வந்து ஒரு எண் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். அச்சடித்த தாளில் இரண்டு இலக்க எண்கள் வரிசை மாறி மாறி இருக்கும். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட்டு, எந்த வண்டி, என்ன நேரம் என்று எழுத வேண்டும். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் அங்கே கைகாட்டியை இறக்குவார்கள். எனக்கு எண் கற்றுக்கொடுத்ததே அந்தத் தாள்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பத்தேழுக்கு அப்புறம் என்ன என்று கேட்டபோது பதின்மூன்று என்று சொன்னேன். தாளில் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் பட்டாசு. தீபாவளிப் பட்டாசு இல்லை, தண்டவாளத்தில் ஈயப் பட்டையால் கட்டுவது. நெல் ஏற்றிய மாட்டுவண்டி கேட்டுக்குள் அச்சு முறிந்து நின்றுவிட்டால் அப்பா சிவப்புக் கொடியும் பட்டாசுமாக வண்டி வரும் திசையில் ஓடுவார். 400 மீட்டரில் ஒன்று, 800 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். நான் ஏழு வயதில் ஒருமுறை அவர் ஓடியதைப் பார்த்தேன். செருப்பு ஒரு பக்கம் கிடந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா எதிர்த் திசைக்கு ஓடினார். அம்மா ரயில்வே சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் பச்சைக் கொடி பிடித்து நின்றது அம்மாதான். இதை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

அப்பா இருக்கிறார். எண்பத்தொன்று. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் அப்படியே இருக்கிறது.

#10 சோழமண்டலம்

கேட்டடி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எதற்கு என்று இனிக் கேட்கவில்லை. எங்கே என்று கேட்கிறேன். இடம் தப்பாகிவிட்டால் எல்லாம் வீண். என் ஓட்டு நாகப்பட்டினத்துக்கு. முதல் பாதை தொடங்கிய ஊர். பொன்மலைக்குப் போவதற்கு முன் பெரிய ஒர்க் ஷாப் இருந்த ஊர். பினாங்கு, சிங்கப்பூர் போகிற ரஜூலா கப்பலைப் பிடிக்க ஜனங்கள் மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கிய ஊர். இதைவிட என்ன வேண்டும்?

#11 உப்பளக்காற்று

நான் வேதாரண்யத்துக்காரன். நாகப்பட்டினத்துக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை, ஆனால் கடலுக்கு ரொம்பப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் தகரக் கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. பொன்மலை ஐயா சொன்ன உப்புக் காற்றும் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் காரைக் கட்டடம் வேண்டும், தரை சாலையைவிட உயரமாக இருக்க வேண்டும். ஷெட்டில் வைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் உப்பை மறந்துவிடாதீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை வரை போன பாதையில் எங்கள் உப்பு ஏறிப் போயிற்று. இப்போது அந்தப் பாதை அகஸ்தியம்பள்ளியோடு நிற்கிறது. 2023 ஏப்ரலில்தான் அகலப் பாதையாகத் திறந்தார்கள். இடையில் ரயிலே இல்லாத வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்றால் திருவாரூருக்குப் போய்ப் பார்ப்பது. என் அண்ணன் மகன் பன்னிரண்டு வயதில் முதல் முறையாக எங்கள் ஊரில் ரயில் பார்த்தான். ஹார்ன் சத்தம் கேட்டு உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன்.

#12 தரங்கைவாசி

எங்களுக்கு அதுவும் இல்லை. மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926ல் வந்த ரயில் 1986ல் நின்றது. மன்னார்குடிக்கு 1976ல் நின்றது, 2011ல் திரும்ப வந்தது. பேரளம் – காரைக்கால் பாதை 1898ல் வந்தது, 1980களில் மூடினார்கள், இப்போது மறுபடி தண்டவாளம் போட்டுவிட்டார்கள். எங்கள் பாதைக்கு மட்டும் விடிவு வரவில்லை. மேடு மட்டும் இருக்கிறது. சில இடத்தில் அதன் மேல் கருவை, சில இடத்தில் வீடு.

அதனால் என் கருத்து, ரயில் நின்றுபோன ஊரில்தான் அருங்காட்சியகம் இருக்க வேண்டும். வண்டி ஓடுகிற ஊரில் வண்டியையே பார்த்துக்கொள்ளலாமே. தரங்கம்பாடிக்கு ஏற்கெனவே டேனிஷ் கோட்டை பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். கோட்டை பார்த்தவர்கள் நடந்து வந்து இதையும் பார்ப்பார்கள். கடற்கரை ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். 1620ல் கட்டிய கோட்டை இன்னும் அதே காற்றில்தான் நிற்கிறது.

#13 லைன் கிளியர்

திருத்துறைப்பூண்டி அல்லது நீடாமங்கலம். ஜங்ஷன் ஊராக இருந்தால்தான் எல்லாப் பக்கத்திலிருந்தும் ரயிலிலேயே வந்து பார்க்கலாம். நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் போகும் வண்டிக்கு எஞ்சின் மாற்றும்போதும், நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டியைத் தள்ளும்போதும் கேட்டு மூடியே கிடக்கும். திட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். அதற்காகவே அங்கே வைக்கலாம் என்பேன்.

#14 ஓலைக்கட்டு

நான் சுவடிகளோடு வேலை செய்பவள். காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இரும்பைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள், ஆனால் முதலில் அழியப்போவது காகிதம்தான்.

அட்டை டிக்கெட் வைத்திருப்பவர்கள் லேமினேட் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் ஈரம் அட்டையைத் தின்றுவிடும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். எட்மண்ட்சன் டிக்கெட் என்பார்கள், 57 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். குழந்தை டிக்கெட் என்றால் ஓரத்தை வெட்டிக் கொடுத்தது, தேதி மிஷினில் "டக்" என்று குத்திய பள்ளம், டி.டி.ஆர். கிள்ளிய ஓட்டை எல்லாமே செய்திதான். சுத்தம் செய்கிறேன் என்று துடைத்துவிடாதீர்கள்.

கரையானுக்கும் பூச்சிக்கும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் செய்கிற முறையே போதும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்து, பச்சைக் கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்பது. மழை மாதங்களில் மாற்ற வேண்டும். மாயவரம் லைன், உங்கள் கிஸ்து ரசீதுகளைத் தகரப் பெட்டியிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். தகரம் துருப்பிடித்தால் துரு காகிதத்தில் ஏறும்.

#15 மாயவரம் லைன்

எடுத்துவிட்டேன் அக்கா. அடியில் இருந்த இரண்டு போய்விட்டன. மற்றவை தப்பித்தன.

#16 வெட்டாறு

எல்லாம் சரி. ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்த ரயில் எல்லோரையும் ஒரே மாதிரி ஏற்றிச் செல்லவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் "பிராமணாள்", "இதராள்" (மற்றவர்கள்) என்று தனித்தனி இடம் 1941 வரை இருந்தது. போராடித்தான் எடுத்தார்கள். நாகப்பட்டினம் ஒர்க் ஷாப்பைப் பற்றிச் சொல்லும்போது 1928 வேலைநிறுத்தத்தையும் சொல்ல வேண்டும். பொன்மலைக்கு மாற்றும்போது ஆட்களைக் குறைக்கப் பார்த்தார்கள், தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலருக்குப் பத்து வருடத் தண்டனை விதித்தார்கள். பித்தளை விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் அந்த அறையில் எனக்கு வேலையில்லை.

#17 பொன்மலை ஷிப்ட்

வெட்டாறு சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் மாமனாரின் அப்பா நாகையில் வேலை பார்த்து, ஒர்க் ஷாப் மாறியபோது குடும்பத்தோடு பொன்மலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் அந்த வேலைநிறுத்தத்தைக் கதையாகச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார்கள். விளக்கும் இருக்கட்டும், அதை ஏற்றியவனின் கூலிக் கணக்கும் இருக்கட்டும்.

விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. கைகாட்டி விளக்கில் பச்சை தெரிய வேண்டிய கண்ணாடி கையில் எடுத்துப் பார்த்தால் நீலமாக இருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் இல்லையா, நீலக் கண்ணாடி வழியாக வந்தால்தான் தூரத்தில் பச்சையாகத் தெரியும். யாராவது நீலக் கண்ணாடியைப் பார்த்து, தப்பான கண்ணாடி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு யோசனை, செலவே இல்லாதது. தரையில் இரண்டு ஜோடிக் கோடு போடுங்கள். ஒன்று 1000 மில்லிமீட்டர், இன்னொன்று 1676. பக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு தண்டவாளத் துண்டு. மீட்டர் கேஜ் காலத்து ஐம்பது பவுண்டு தண்டவாளம் இருபத்தைந்து கிலோ இருக்கும், இப்போதையது அறுபது கிலோ. பிள்ளைகள் தூக்கிப் பார்க்கட்டும். எத்தனை பலகை எழுதி மாட்டினாலும் கைக்குத் தெரிகிற மாதிரி தெரியாது.

#18 உப்பளக்காற்று

பழையதோடு நிறுத்தாமல் இதையும் சேருங்கள். 2019ல் திருவாரூர் – காரைக்குடி அகலப் பாதையில் வண்டி விட்டபோது கேட்டுகளுக்கு ஆள் போதவில்லை. கேட்கீப்பர்கள் அதே வண்டியில் ஏறி வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கிப் பூட்டுவார், வண்டி தாண்டி நிற்கும், பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஏறுவார். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அதில் போயிருக்கிறேன். பட்டுக்கோட்டைக்கு முன்னால் இறங்கி ஏறிய அந்த இளைஞர் வெயிலில் முகம் கறுத்துப்போய் இருந்தார். அவரிடமும் யாராவது பேசிப் பதிவு செய்ய வேண்டும். ஐம்பது வருடம் கழித்து அவருடைய பேரன் தேடக் கூடாது.

#19 வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. வளையத்துக்கு ரசீது வாங்கிவிட்டேன். கடைக்காரர் தான் ஏலத்தில் எடுத்த லாட்டின் காகித நகலையும் கொடுத்தார். நோட்டுப் போட்டு, முதல் எண்ணாக அதையே எழுதியிருக்கிறேன்.

ஊர் விஷயத்தில் நமக்குள் ஒத்துப்போகவில்லை. பரவாயில்லை. நாகை, தரங்கை, நீடாமங்கலம் மூன்றுக்கும் சொன்ன காரணங்கள் எல்லாமே சரியாகத்தான் தெரிகின்றன. கட்டடம் எப்போது கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குக் காத்திருக்க நேரமில்லாதது குரல்கள். அதனால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நீடாமங்கலம் ரயிலடியில் கூடுவோம். பக்கத்தில் நண்பர் வீட்டு மாடி அமைதியாக இருக்கும். லைன் கிளியர் ஐயா வர முடிந்தால் அவரிடம் தொடங்குவோம். நல்ல மைக் ஒன்று இரவல் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம், நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. பதிவின் ஒரு நகலை அவர்கள் குடும்பத்துக்கே கொடுத்துவிடுவோம்.

#20 லைன் கிளியர்

வருகிறேன். மணிக் குறிப்புகளை மேஜையில் தட்டிக் காட்ட ஒரு பித்தளைத் தம்ளர் வேண்டும்.

#21 பொன்மலை ஷிப்ட்

திருச்சியிலிருந்து காலை வண்டியில் வருகிறேன். மெழுகு டப்பா கொண்டுவருகிறேன், அந்த வளையத்தின் பக்கிளை யாரும் தேய்க்காமல் வைத்திருங்கள்.

#22 கேட்டடி

அப்பாவிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றார், நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா என்று கேட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தானே எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுக்கச் சொன்னார். அதற்குள் கேட் புத்தகத்தின் சில தாள்கள், அவர் கையெழுத்தில். கடைசித் தாளில் எல்லா எண்ணும் அடிக்கப்படவில்லை. பாதியில் நிற்கிறது. அந்த மீட்டர் கேஜ் பாதையில் அவர் கேட்டுப் பூட்டிய கடைசி நாள் அது.

ஓலைக்கட்டு அக்கா, உறை கொண்டுவாருங்கள். பொன்மலை ஐயா, இதற்கு என்ன காகிதம் வேண்டுமோ சொல்லுங்கள், கோட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அப்பாவுக்கு மதியம் ஒரு மணிக்கு மருந்து, அதற்குள் விட்டுவிட வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், அந்தக் காதுதான் நன்றாகக் கேட்கும்.